தவறணைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையில்

ஹட்டனுக்கு அப்பால், தேயிலை மலைகளுக்கு நடுவே நான் படிப்பிக்கும் சிறு நகரத்தில் இருப்பது ஒரே ஒரு கடைத்தெருதான். அதன் மேல்முனையில் பள்ளிவாசல், கீழ்முனையில் தவறணை. நடுவில் நம்மவர்களின் புடவைக்கடை, இரும்புக்கடை, தேத்தண்ணிக்கடை. அஸர் தொழுதுவிட்டு இறங்குபவர்களும், தோட்ட வேலை முடிந்து லயங்களிலிருந்து வருபவர்களும் அந்தத் தெருவில் ஒருவரையொருவர் கடந்துதான் போக வேண்டும்.

நுவரெலியா மரக்கறியைக் கொழும்புக்கு ஏற்றிப் போகும் லொறிச் சாரதி ஒருவர் அந்தத் தெருவில் குடியிருக்கிறார். நம்மவர்தான். இராப் பயணமும் குளிரும் பழக்கிவிட்ட குடி அவரிடம் இருந்தது. அது ஊருக்கே தெரியும். வாய் திறந்தால் நாலு பேரைச் சிரிக்க வைக்கிற மனிதர். ஊர் அவருக்கு 'தவறணை ஹாஜியார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது. சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வுழூச் செய்துகொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "என்ன ஹாஜியார், இன்டைக்கு வழி மாறி மேல வந்துட்டீங்களோ?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "வழி மாறித்தான் சேர் வந்தன்" என்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவரை ஜும்ஆவில் நான் காணவில்லை.

அவருடைய மகள் என் வகுப்பில் இருந்தாள். ஒருநாள் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மறைவாகக் குடிப்பவனை உள்ளூரார் எப்படியும் அறிந்து நகைப்பார்கள் என்ற கருத்துள்ள குறள் வந்தது. அந்தப் பிள்ளை எழுந்து கேட்டாள்: "குடிச்சவர் செஞ்சது பிழைதான் சேர். சிரிச்ச ஊருக்கு ஒண்டும் சொல்லல்லையா?"

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. குடி, மார்க்கம் பற்றிய கேலி ஆகிய இரண்டையும் நாம் எந்தத் தராசில் நிறுக்கிறோம் என்று தேடத் தொடங்கியது அந்தக் கேள்வியால்தான். தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

மலைக்கு மது ஏறிய கதை

'குடி தோட்டத்து ஆட்களின் பிரச்சினை' என்று நம் கடைகளில் மிக இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சு வரலாற்றின் முன் நிற்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் நடத்திக்கொண்டு வரப்பட்டார்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியதே தவிர, லயத்து வாழ்க்கை மாறவில்லை. ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம், விடியலில் பெரட்டு, மழையிலும் மலையேற்றம். சாராயம் விற்கும் உரிமையை அன்றைய அரசு ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வருமானம் தேடியது. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தோடு அந்த ஏற்பாடு மாறி, அரசின் நேரடிக் கண்காணிப்பு வந்தது. மாறாதது, குடிப்பவனின் சட்டைப்பையிலிருந்து திறைசேரிக்குப் போகும் பாதை. பெண் பறித்த கொழுந்துக்குரிய கூலியையும் ஆணே கையில் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சம்பள நாளில் அந்தக் காசு லயத்துக்குப் போகும் வழியில் தவறணை நின்றது.

மேலே துரைமாரின் கிளப்புகளிலும் மதுதான். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் அங்கே பண்ணையோடு பியர் வடிப்பையும் தொடங்கி வைத்தார். ஆக, மலையில் மது மேலிருந்தும் வந்தது, கீழிருந்தும் வந்தது. துரை குடித்தால் அது நாகரிகம். தொழிலாளி குடித்தால் அது கேடு என்ற பேச்சும் கூடவே வந்தது. அந்தப் பேச்சை நாமும் எடுத்துக்கொண்டோம் என்பதே என் வருத்தம்.

இந்த நாட்டில் மதுவை எதிர்த்தவர்கள் முஸ்லிம்கள் மட்டும் என்று நினைப்பதும் தவறு. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்கள் பௌத்தத் தலைவர்கள். போயா தினங்களில் இன்றும் மதுக்கடைகள் மூடியிருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடுக்கிறது. அயலவரின் கவலையும் நமது கவலையும் இங்கே ஒன்றே.

ஒரே மரம், இரண்டு பானம்

மலைநாட்டுக் கித்துள் மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பூவைச் சீவி இறக்கும் சாறு புதிதாக இருக்கும்போது இனிப்பு. காய்ச்சினால் பாணி, இன்னும் இறுகினால் கருப்பட்டி. நோன்பு திறக்கும் நேரத்தில் நம் வீடுகளில் தயிரோடு கலந்து சாப்பிடுவது அதைத்தான். அதே சாற்றைக் காய்ச்சாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிறது. மரம் ஒன்று, சாறு ஒன்று. நேரமும் நுரையும் தீர்ப்பை மாற்றிவிடுகின்றன.

இந்த இரட்டைத் தன்மையைக் குர்ஆனே முதலில் எடுத்துக்காட்டுகிறது. ஸூரா அந்-நஹ்லின் 67ஆம் வசனம், பேரீச்சை, திராட்சைக் கனிகளிலிருந்து மனிதர் போதையையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்று இரண்டையும் தனித்தனியே வைக்கிறது. பின்னர் ஸூரா அல்-பகராவின் 219ஆம் வசனம், மதுவில் சில பயன் இருந்தாலும் பாவம் பெரிது என்றது. ஸூரா அந்-நிஸாவின் 43ஆம் வசனம், போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்றது. இறுதியாக ஸூரா அல்-மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் முழுமையாக விலக்கின; மது பகையையும் வெறுப்பையும் மூட்டி, இறை நினைவையும் தொழுகையையும் தடுக்கிறது என்ற காரணத்தையும் சொல்லின.

இந்தப் படிமுறை கவனிக்க வேண்டியது. முதல் நாளே குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால், ஒருபோதும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என ஆயிஷா நாயகி (ரழி) விளக்கியதை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார். குடி ஒரே நாளில் விடுபடுகிற பழக்கம் இல்லை என்பதை மார்க்கம் அறிந்தே பேசுகிறது. ஆனால் இறுதிக் கட்டளை வந்த அன்று மதீனாத் தெருக்களில் மது கொட்டப்பட்டு ஓடியது. அப்போது அபூ தல்ஹா (ரழி) வீட்டில் பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரழி), அங்கிருந்தது பேரீச்சம்பழத்தில் ஊறிய பானம் என்கிறார். எனவே தடை திராட்சை மதுவுக்கு மட்டும் என்று யாரும் சொல்லித் தப்ப முடியாது.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் விதி நேரானது: அதிகமாகக் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் ஒரு துளியும் ஹராம். கள், சாராயம், பியர், கசிப்பு எல்லாம் இதற்குள் அடங்கும். ஹனபி மத்ஹபில் இமாம் அபூ ஹனீபா திராட்சை, பேரீச்சை அல்லாத சில பானங்களில் போதை ஏறாத அளவு பற்றி வேறு கருத்துக் கொண்டிருந்தார். எனினும் பிற்கால ஹனபி பத்வா இமாம் முஹம்மதின் கண்டிப்பான கருத்தையே ஏற்றுக்கொண்டது. 'பியர் சும்மா பார்லித் தண்ணிதானே' என்கிற இளைஞர்களுக்கு எந்த மத்ஹபிலும் இன்று இடமில்லை.

குடிப்பவரோடு விஷயம் முடிவதுமில்லை. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அந்த விலையை உண்பவர் என்று மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஹதீஸ் உண்டு. மதுவாக்குவார் என உறுதியாகத் தெரிந்த ஒருவருக்குத் திராட்சை விற்பதும் ஹராம், சந்தேகமாக இருந்தால் மக்ரூஹ் என்று நம் பிக்ஹு நூல்கள் பேசுகின்றன. தவறணைக்குப் பக்கத்தில் கடை வைத்து, மாலையானதும் சோடாவும் கடலையும் வறுவலும் யாருக்காக எடுத்து வைக்கிறோம் என்று நம் வியாபாரிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. குடித்த லொறிக்காரருக்குப் பட்டப்பெயர் வைத்த தெருவில், அந்தக் கடலை விற்றவருக்குப் பட்டப்பெயர் இல்லை.

தமிழ் நமக்குத் தந்த இரண்டு வழிகள்

பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியத்தில் மதுவுக்கு இரண்டு முகம் உண்டு. சங்கப் பாடல்களில் அரசனும் புலவரும் கள்ளைப் பகிர்ந்து உண்பது நட்பின் அடையாளம். அதியமானை இழந்த ஔவையின் துயரத்தில்கூட அந்த நினைவு வருகிறது. வள்ளுவரோ அதற்கு எதிராக ஒரு முழு அதிகாரமே எழுதினார். காப்பிய இலக்கணம் வர்ணனைகளின் பட்டியலில் உண்டாட்டையும் சேர்த்தது. கம்பர் உண்டாட்டுப் படலம் பாடினார்.

இந்த மரபு உமறுப்புலவர் கைக்கு வந்தபோது நடந்தது சுவையானது. சீறாப்புராணம் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று காப்பிய மரபிலேயே நடக்கிறது. புனல் விளையாட்டுப் படலம்கூட உண்டு. உண்டாட்டுக்கு மட்டும் படலம் இல்லை. 5027 பாடல்கள் கொண்ட நூலில் புலவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதிலிருந்து, தமிழையும் மார்க்கத்தையும் ஒரே கையில் பிடித்த ஒருவரின் தெளிவு தெரிகிறது. நீராட்டு தமிழின் அழகு, அதை வைத்துக்கொண்டார். குடி தமிழில் எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும், நபிகளாரின் காப்பியத்தில் அதற்கு ஒரு படலம் கொடுக்கவில்லை.

பாரசீக ஸூபிக் கவிஞர்கள் வேறு வழியில் போனார்கள். ஹாபிஸின் கவிதையில் மதுவும் கிண்ணமும் மதுச்சாலையும் நிறைந்திருக்கின்றன. ஸூபிகள் அவற்றை இறைக்காதலின் குறியீடாக வாசித்தார்கள். உமர் கய்யாமைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வழியே தமிழில் படித்தவர்களுக்கு இந்த மயக்கம் தெரியும். குறியீட்டைக் குறியீடாக வாசிக்கும் பொறுமை ஒரு சமூகத்திடம் இல்லாமல் போனால் கவிஞனுக்கு என்ன நேரும் என்பதை நாம் அண்மையில் கண்டோம். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

சிரிப்பு எங்கே எல்லை மீறுகிறது?

கேலி பற்றிய விஷயத்தில் நம்மிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உண்டு. ஒன்று, மார்க்கம் சிரிப்பையே விரும்புவதில்லை என்பது. சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகக் குட்டியைத் தருகிறேன் என்றார்கள் நபியவர்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளக்கினார்கள். பகிடியிலும் பொய் சொன்னதில்லை. அதுதான் அவர்களின் எல்லை. அறிவீன மௌலவிகளைப் பற்றிய முல்லாக் கதைகளை முஸ்லிம் உலகமே சொல்லிச் சிரித்திருக்கிறது. மனிதனின் போலித்தனத்தைச் சிரிப்பது வேறு.

இரண்டாவது எண்ணம், பகிடிதானே, பாவமில்லை என்பது. தபூக் பயணத்தில் சிலர் குர்ஆன் ஓதுவோரைப் பற்றி ஏளனமாகப் பேசினர். விசாரித்தபோது, வழிக்களைப்புத் தீர விளையாட்டாகப் பேசினோம் என்றார்கள். அல்லாஹ்வையும் அவன் வசனங்களையும் தூதரையுமா கேலி செய்தீர்கள் என்று கண்டித்து, அந்தச் சாட்டை ஏற்க மறுக்கின்றன ஸூரா அத்-தவ்பாவின் 65, 66ஆம் வசனங்கள். ஈமானுக்குப் பின் நிராகரிப்பு என்ற கடுமையான சொல்லும் அங்கே வருகிறது. எனவேதான் அறிஞர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. மது ஹராம் என்று ஏற்றுக்கொண்டு, பலவீனத்தால் குடிப்பவர் பெரும்பாவி, ஆனால் முஸ்லிம். இறைவனையும் தூதரையும் வேண்டுமென்றே ஏளனம் செய்வது ஈமானின் வேரையே தொடுகிறது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட ஆளைக் காட்டி இவர் வெளியேறிவிட்டார் என்று தீர்ப்புச் சொல்வது தேத்தண்ணிக்கடை வேலையன்று. நாத் தவறியதா, அறியாமையா, கருத்து என்ன என்று ஆராய்வது ஆலிம்களின் பொறுப்பு.

வேறு மதத்தவர் நம் முன்னால் கேலி செய்தால்? ஆண்டிறுதி விருந்தொன்றில் உடன் ஆசிரியர் ஒருவர் கையில் கிளாசோடு என்னிடம் சொன்னார்: "எடுங்க சேர், இந்தப் பனிமூட்டத்துல உங்க அல்லாவுக்கும் கண் தெரியாது." எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் ஸூரா அந்-நிஸாவின் 140ஆம் வசனம் அந்த நேரத்துக்குரிய நடத்தையைத் தெளிவாகச் சொல்கிறது: வசனங்கள் ஏளனம் செய்யப்படும் சபையில், வேறு பேச்சுக்கு அவர்கள் மாறும்வரை, சேர்ந்து உட்கார வேண்டாம். எழுந்து போகச் சொல்கிறது. பேச்சு மாறினால் திரும்பி வரும் வழியையும் மூடவில்லை. நான் வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவரே வந்தார். "சேர், பிழையா எடுத்துட்டீங்களா? எங்கப்பா குடிச்சே செத்தவர். நானும் அதையே செய்றேன். நீங்க குடிக்காம இருக்கிறதப் பார்த்தா எனக்குத்தான் வெக்கமா இருக்கு." அந்தப் பகிடி என் இறைவனை நோக்கி எறியப்பட்டதாக நான் நினைத்தேன், அவர் தன் வெட்கத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அதனால் சொன்ன சொல் சரியாகிவிடாது. சொன்னவரை விளங்கிக்கொள்ள முடிந்தது.

போதையில் வந்த அவமதிப்பை நபியவர்களே சந்தித்திருக்கிறார்கள். மது தடுக்கப்படுவதற்கு முன், அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரழி) போதையில் அலி (ரழி) அவர்களின் இரண்டு ஒட்டகங்களை அறுத்துவிட்டார். கேட்கப் போன நபியவர்களைப் பார்த்து, நீங்கள் என் தகப்பனின் அடிமைகள்தானே என்றார். அவர் போதையில் இருப்பதை அறிந்ததும், நபியவர்கள் பின்னால் அடி வைத்து வெளியேறினார்கள். அதே ஹம்ஸா உஹதில் ஷஹீதானார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அல்லாஹ்வை விட்டு அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்று ஸூரா அல்-அன்ஆமின் 108ஆம் வசனம் நம்மைத் தடுக்கிறது. மாரியம்மன் திருவிழாவையும் காவடியையும் நம் கடைகளில் எப்படிப் பேசுகிறோம்? நம் மார்க்கத்தைக் கேலி செய்தால் கொதிக்கும் உரிமை, மற்றவர் வழிபாட்டைக் கேலி செய்யாத நாவுக்கே அழகு.

சட்டம் கையில் வந்தால்

மத அவமதிப்புக்குச் சட்டத்தால் தண்டனை வேண்டும் என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம், மத வெறுப்பைப் பரப்பி வன்முறையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். 2019 ஏப்ரலில் சிறுகதை ஒன்றுக்காக சக்திக சத்குமார கைதானார். 2023 மே மாதம் மேடைப் பகிடிக்காக நடாஷா எதிரிசூரிய கைதாகி, ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை வழங்கும்வரை மறியலில் இருந்தார். ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2019 மே மாதம், கண்டி மாவட்டத்து ஹசலக்கையில் நம் சகோதரி ஒருவர் கைதானார். அவர் செய்தது பகிடிகூட இல்லை. உடுத்திருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் பொறித்திருந்தது. பார்த்தவர்களுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. சிரித்தவனைப் பிடிக்கச் செய்த வலையில் சிரிக்காத நாமும் விழுகிறோம். எழுந்து போ என்று வசனம் சொல்வதில் எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

சிரித்த ஊருக்கு

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதில் ஸஹீஹுல் புகாரியில் இருந்தது. நபியவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஹிமார்', அதாவது கழுதை. நபியவர்களைச் சிரிக்க வைக்கிற மனிதர். குடிப்பழக்கமும் இருந்தது, அதற்காகத் தண்டிக்கப்பட்டுமிருக்கிறார். மறுபடியும் அவர் கொண்டுவரப்பட்டபோது ஒருவர், எத்தனை தடவைதான் இவன் வருவான் என்று சபித்தார். நபியவர்கள் அந்தச் சாபத்தைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறவர் என்று சாட்சி சொன்னார்கள். இன்னொரு குடிகாரரை ஒருவர் இழிவுபடுத்தியபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாம் என்றார்கள். தண்டனை தளரவில்லை, பாவம் சிறிதாகவில்லை. ஆள் மட்டும் ஜமாஅத்துக்குள்ளேயே வைக்கப்பட்டார்.

நாங்கள் செய்தது இதன் தலைகீழ். ஒருவர் இன்னொருவரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் தடுக்கும் ஸூரா அல்-ஹுஜுராத்தின் 11ஆம் வசனத்தை ஓதிய பள்ளியின் முற்றத்திலேயே அவரைச் சிரித்தோம். சிரிக்க எடுத்த சொல் 'ஹாஜியார்'. கஃபாவுக்குப் போய் வந்தவரை மரியாதையாக அழைக்கும் சொல்லைத் தவறணையோடு சேர்த்துப் பகிடியாக்கினோம். மார்க்கத்தைக் கேலி செய்தது குடித்த அவரா, குடிக்காத நாங்களா? குடிப்பவரின் பாவம் வாயில் மணக்கிறது, ஊர் உடனே கண்டுபிடிக்கிறது. கேலி செய்பவரின் பாவத்துக்கு மணமில்லை; அதற்கு ஊரே கூடச் சிரிக்கிறது. தராசு தலைகீழாகிப் போனது இங்கேதான்.

அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: "வள்ளுவர் குடிச்சவருக்குச் சொன்னாரு மகள். சிரிச்சவங்களுக்கு ரசூலுல்லா சொல்லியிருக்காங்க." பிறகு அவளுடைய வாப்பாவைத் தேடிப் போனேன். லொறிக்குப் பக்கத்தில் நின்று கோவா மூட்டைகளுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். மாப்புக் கேட்டேன். கயிற்றை விடாமல், "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டன் சேர்" என்றார். மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குத்பா தொடங்கிய பிறகு வந்து கடைசி ஸப்பில் உட்கார்ந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதும் இடையிடையே வருகிறார். குடியை விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பட்டப்பெயரை எங்கள் தெருவில் இப்போது யாரும் சொல்வதில்லை. அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும். அவருக்கும் எனக்கும் தௌபாவின் வாசல் ஒன்றுதான். அல்லாஹ் நம் நாவுகளையும் பாதுகாப்பானாக.